ஆளில்லாத மலையாற்றில் ராஃப்டிங் பயணம்: திட்டமிடுவதிலிருந்து கரையேறுவது வரை முழுமையான வழிகாட்டி

கைடோடு ஒரு நாள், இரண்டு நாள் ராஃப்டிங் (காற்றடைத்த படகில் வேகநீரில் இறங்கிப் போவது) போய்ப் பழகியவர்களுக்குக் கொஞ்ச காலத்தில் வேறோர் ஆசை வரும். சாலையே தொடாத மலையாறு ஒன்றில், சாப்பாட்டையும் கூடாரத்தையும் படகிலேயே ஏற்றிக்கொண்டு, ஒரு வாரம் இறங்கிப் போக வேண்டும் என்று. இது அவர்களுக்கான வழிகாட்டி. துடுப்பே பிடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். முதலில் கைடோடு நாலைந்து ஆறுகளில் இறங்கிவிட்டு வாருங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் படகு வாங்குகிறார்கள், அப்புறம் விடுமுறைத் தேதி, அப்புறம் நண்பர்கள், கடைசியில்தான் ஆறு. ஆற்றில் கிளம்பிவிட்டால் திரும்பி வர முடியாது. ஆகவே எந்த முடிவைப் பிறகு மாற்ற முடியாதோ அதை முதலில் எடுக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் அமைந்தது.

1. நீரளவைப் பார்த்துத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்

நீர் ஏறினாலோ இறங்கினாலோ அதே ஆறு வேறு ஆறாகிவிடும். நீர் குறைவாக இருந்தால் பாறைகள் தலைநீட்டும், படகு அடிக்கடி மாட்டும், நாள் நீளும். நீர் அதிகமானால் சில ரேபிட்கள் (பாறைகளுக்கு நடுவே நீர் நுரைத்து வேகமாக ஓடும் இடங்கள்) மூழ்கியே போய்விடும். ஆனால் வேறு இடங்களில் பெரிய அலைகள் கிளம்பும். இரண்டு ரேபிட்களுக்கு நடுவே இருந்த அமைதியான நீர் மறைந்துவிடும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் மோசமானது. அந்த இடைவெளி இல்லாவிட்டால், விழுந்தவர் அடுத்த ரேபிட்டுக்குள் போவதற்கு முன் அவரைப் பிடிக்க நேரமே இருக்காது.

நீரளவை வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்றோ கன அடி என்றோ சொல்வார்கள். 1 கன மீட்டர் என்பது சுமார் 35 கன அடி. எந்த அலகு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. எண் தனியாக எதையும் சொல்லாது. எந்த அளவுக்குக் கீழே இந்த ஆற்றில் படகு ஓடாது, எந்த அளவுக்கு மேலே பழகியவர்களே இறங்க மாட்டார்கள் என்ற இரண்டையும் அந்த ஆற்றை ஓட்டியவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் குழுவுக்கான மேல் வரம்பை வீட்டில் இருக்கும்போதே எழுதி வையுங்கள். இரண்டு நாள் பயணம் செய்து ஆற்றங்கரைக்கு வந்து நின்றபின் திரும்பிப் போகலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பனிப்பாறையிலிருந்து வரும் ஆறு தினமும் ஏறி இறங்கும். வெயிலில் உருகிய நீர் பனிப்பாறை அருகே பிற்பகலில் உச்சத்தைத் தொடும். கீழே தூரத்தில் உள்ள இடத்துக்கு அதே நீர் மாலையிலோ இரவிலோ வந்து சேரும். கடினமான ரேபிட்களைக் காலையில் கடப்பது இந்தக் காரணத்தால்தான். மழையாறு முன்னறிவிப்பில்லாமல் பொங்கும். மேலே அணை இருந்தால் எப்போது திறப்பார்கள் என்று தெரியாமல் இறங்கவே கூடாது.

2. ஆற்றை முதலில் வரைபடத்தில் ஓட்டிப் பாருங்கள்

உயரக்கோடுகள் உள்ள வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறு எத்தனை மீட்டர் இறங்குகிறது என்று கணக்கிடுங்கள். மொத்தச் சராசரி ஏமாற்றும். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் ஆறு, முதல் 30 கிலோமீட்டர் சும்மா போய்விட்டு ஒரே பள்ளத்தாக்கில் மொத்தமாக விழலாம்.

கிளையாறுகள் சேரும் இடங்களைக் குறியுங்கள். வெள்ளக் காலத்தில் கிளையாறு உருட்டி வரும் பாறைகள் முகத்துவாரத்தில் குவிந்து ஆற்றை நெருக்கும். பல ரேபிட்கள் இப்படித்தான் உண்டாகின்றன. செயற்கைக்கோள் படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடங்களையும், புதிய நிலச்சரிவுத் தழும்புகளையும் சேர்த்துக் குறியுங்கள். ஐந்து வருடம் பழைய குறிப்பை நம்பிப் போனால், அதற்குப் பிறகு விழுந்த பாறை அதில் இருக்காது.

ரேபிட்களின் கடினத்தை 1 முதல் 6 வரை வகுப்புகளாகப் பிரிப்பது உலகெங்கும் வழக்கம். 3 என்றால் ஒழுங்கற்ற அலைகள், படகைத் திருப்பத் தெரிய வேண்டும். 4 என்றால் பலமான நீர், துல்லியமான ஓட்டம், விழுந்தால் காயம் படலாம். 5 பயிற்சி பெற்ற குழுவுக்கு மட்டும். 6 என்பது ஓட்ட முடியுமா என்பதே சந்தேகமான எல்லை. எல்லா இடத்திலும் இதே அளவுகோல் என்று நினைக்காதீர்கள். கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனில் 1 முதல் 10 வரை எண்ணுவார்கள். அங்கே 5 என்று படித்துவிட்டுப் பயப்படுவதிலோ, இன்னோர் ஆற்றில் 5 என்று படித்துவிட்டுப் பாதிதானே என்று நினைப்பதிலோ அர்த்தமில்லை.

ஆளில்லாத இடத்தில் எந்த ரேபிட்டையும் ஒரு வகுப்பு கூட்டியே மதிப்பிடுங்கள். நீர் அதே நீர்தான். ஆனால் தோள் மூட்டு விலகினால் ஆஸ்பத்திரி அரை மணியில் வராது.

அடுத்து, வெளியேறும் வழிகள். ஆற்றிலிருந்து நடந்து சாலையையோ ஊரையோ அடையக்கூடிய ஒவ்வோர் இடத்தையும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் எழுதுங்கள். லடாக்கின் ஜான்ஸ்கர் போன்ற ஆறுகளில் இருபுறமும் செங்குத்துச் சுவர். நீண்ட தூரத்துக்கு ஆறு ஒன்றுதான் வழி. வட அமெரிக்காவின் ஆல்செக் ஆற்றில் டர்ன்பேக் கேன்யன் என்ற பகுதியை ராஃப்ட் குழுக்கள் ஹெலிகாப்டரில் கடப்பது வழக்கம். இப்படி ஓர் இடம் உங்கள் ஆற்றில் இருந்தால், அதற்கு முந்தைய கரை எது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக நாள் கணக்கு. முதல் நாளை மிகக் குறைந்த தூரமாக வையுங்கள். பொருள் ஏற்றவே அரை நாள் போய்விடும், படகும் அன்றுதான் மிகக் கனமாக இருக்கும். நடுவில் ஒரு நாளையாவது காலியாக விடுங்கள். அந்த நாள் இல்லாத குழுதான் நீர் ஏறியிருக்கும்போதும் அவசரப்பட்டு இறங்குகிறது.

3. ஆற்றுக்குத் தகுந்த குழு

குறைந்தது இரண்டு படகு. மூன்று இருந்தால் நல்லது. ஒரு படகு கவிழ்ந்தால் ஆட்களைப் பிடிக்க ஒன்று, கவிழ்ந்த படகைத் துரத்த ஒன்று வேண்டும். ஒரே படகில் ஆளில்லா ஆற்றுக்குப் போவது எத்தனை திறமைசாலிகளுக்கும் நான் சொல்லாத யோசனை.

வேகநீர் மீட்புப் பயிற்சி பெற்றவர் இருவர், வனப்பகுதி முதலுதவி தெரிந்தவர் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் போதாதா என்று கேட்பார்கள். அந்த ஒருவரே விழுந்துவிட்டால் என்ன செய்வது?

குழுவில் திறமை குறைந்தவரை வைத்துத்தான் ஆற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓடும் நீரில் ஒவ்வொருவரும் நீந்திக் காட்டட்டும். எனக்கு நன்றாக நீச்சல் தெரியும் என்பது குளத்து நீச்சலைப் பற்றிய பேச்சு. அப்புறம் ஒரு விதியை முன்கூட்டியே பேசி வையுங்கள்: எந்த ரேபிட்டிலும், யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் நடந்து வருகிறேன் என்று சொல்லலாம். கேலி கிடையாது.

4. அனுமதியும் தகவல் தொடர்பும்

அனுமதி எந்தத் துறையிடம் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும். சில ஆறுகளில் குலுக்கல் முறையில்தான் இடம் கிடைக்கும், மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். இதை முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் இருவரிடம் பயணத் திட்டத்தை எழுத்தில் கொடுங்கள்: ஆட்களின் பெயர், படகுகளின் நிறம், ஒவ்வோர் இரவும் தங்கும் இடம், கரையேறும் தேதி. எந்த நாள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். தாமதமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால், அவர்கள் ஒன்று சீக்கிரமே பதறுவார்கள், இல்லையென்றால் ரொம்ப நேரம் காத்திருப்பார்கள்.

செயற்கைக்கோள் கருவி இரண்டு வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் கருவி) உதவி வேண்டும் என்று மட்டும் சொல்லும். இருவழிச் செய்திக் கருவியில் என்ன காயம், என்ன தேவை என்று எழுத முடியும். ஆழமான பள்ளத்தாக்கில் வானம் குறுகலாகத் தெரிவதால் செய்தி போக நேரமாகும். ஒரு கருவியாவது தலைவரின் உடலோடு இருக்க வேண்டும். படகுப் பையில் வைத்தால், படகு போகும்போது அதுவும் போய்விடும். உங்கள் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்று இப்போதே படித்துப் பாருங்கள்.

5. படகும் மீட்புக் கருவிகளும்

பல நாள் பயணத்துக்கு 4 முதல் 5 மீட்டர் நீளமுள்ள, உள்ளே ஏறும் நீர் தானாக வடியும் தரை கொண்ட ராஃப்ட் சரி. நடுவில் சட்டம் பொருத்தி ஒருவரே இரண்டு நீளத் துடுப்புகளால் ஓட்டும் படகு சுமையை நன்றாகத் தாங்கும். எல்லோரும் துடுப்புப் போடும் படகு சுறுசுறுப்பாகத் திரும்பும், ஆனால் பொருள் ஏற்ற இடம் குறைவு. இரண்டும் கலந்து போவதுதான் என் விருப்பம்: சுமை ஒன்றில், விரைந்து உதவக்கூடிய ஆட்கள் இன்னொன்றில்.

காற்றடிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. எல்லா அறைகளையும் பாதி நிரப்பிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக முழுதாக நிரப்புங்கள். ஓர் அறையை மட்டும் முழுதாக இறுக்கினால் பக்கத்து அறையைப் பிரிக்கும் உள்தடுப்பு கிழியலாம். வெயிலில் கரையில் இறுக்கமாக இருக்கும் படகு குளிர்ந்த நீரில் இறங்கியதும் தொய்யும். நீரில் வைத்தபின் மறுபடி அழுத்தம் பாருங்கள். மதியம் கரையில் இழுத்து வைத்தால் காற்றைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் வெயிலில் தையல் விடும்.

ஒவ்வொரு படகிலும் உபரித் துடுப்பு, பம்பு, கிழிசல் ஒட்டும் பசையும் துணியும், உபரி வால்வு. பசையைக் கடையிலிருந்து அப்படியே எடுத்துப் போகாமல் வீட்டில் ஒரு துண்டை ஒட்டிப் பாருங்கள். காலாவதியான பசை ஆற்றங்கரையில்தான் தன் குணத்தைக் காட்டும்.

மீட்புக்கு, படகுக்கு ஒன்றாவது 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு உள்ள த்ரோ பேக், அதாவது நீரில் விழுந்தவருக்கு எறியும் பை. குழுவுக்கு இரண்டு செட் இழுவைக் கருவிகள்: நீளாத கயிறு, கப்பிகள், கராபினர்கள் (திறந்து மூடும் உலோகக் கொக்கிகள்), புரூசிக் வளையங்கள் (பெரிய கயிற்றை இறுகப் பிடிக்கும் மெல்லிய கயிற்று வளையங்கள்), பட்டைநாடா. இரண்டையும் ஒரே படகில் வைக்காதீர்கள்; மாட்டிய படகே கருவி இருந்த படகாக இருந்தால் எல்லோரும் கரையில் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், விசில், எளிதில் எடுக்கக்கூடிய கத்தி. ஜாக்கெட்டின் எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கட்டும். காதுக்கு மேல் வந்தால் அது உங்கள் அளவு இல்லை. காலுக்குக் கயிறு கட்டும் ஷூ. செருப்பு முதல் நீச்சலிலேயே போய்விடும், அதற்கப்புறம் கூர்ப்பாறைகள் மேல் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும்.

6. உடை நீரின் குளிருக்கு, வெயிலுக்கு அல்ல

வெயில் சுட்டெரிக்கும் நாளிலும் பனிநீர் பனிநீர்தான். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சு தறிகெட்டு ஓடும். அதை அடக்குவதுதான் அப்போதைய வேலை. அதன்பின் சுமார் 10 நிமிடங்களே கைகால் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் குறைந்து நினைவிழக்கச் சுமார் 1 மணி நேரம் ஆகலாம். குளிர்நீர்ப் பாதுகாப்பில் 1, 10, 1 என்று சொல்லித் தருவது இதைத்தான். உங்கள் திட்டம் முழுவதும் அந்த 10 நிமிடத்துக்குள் ஆளை வெளியே எடுப்பதாக இருக்க வேண்டும்.

பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, சூட்டை உறிஞ்சும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, மேலே வெட்சூட் (நனைந்தாலும் சூட்டைக் காக்கும் இறுக்கமான உடை) அல்லது ட்ரைசூட் (நீரே புகாத உடை). ட்ரைசூட் போட்டவர்களின் ஜிப் முழுதாக மூடியிருக்கிறதா என்று தினமும் காலையில் இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். பாதி திறந்த ஜிப்போடு ஆற்றில் விழுவது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது.

7. உணவு, குடிநீர், கழிவு

குளிரில் உழைக்கும் உடல் வழக்கத்தைவிட மிக அதிகம் கேட்கும். திட்டமிட்ட நாட்களைவிட இரண்டு நாள் கூடுதலாகச் சாப்பாடு எடுங்கள். சீக்கிரம் கெடுவது முதலில், உலர்ந்தது கடைசியில் என்று நாள்வாரியாகப் பிரித்து, இரண்டு படகுகளிலும் பங்கிட்டு வையுங்கள்.

பனிப்பாறை ஆற்றின் நீரில் மெல்லிய வண்டல் இருக்கும், வடிகட்டியை ஒரே நாளில் அடைத்துவிடும். வாளியில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுங்கள். படிகாரம் கொஞ்சம் கலக்கினால் சீக்கிரம் தெளியும். தெளிந்த நீரை 1 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் போதும். 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம், ஏனென்றால் அங்கே நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

மலத்தை மூடி இறுகும் பெட்டியில் சேர்த்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கிராண்ட் கேன்யன் போன்ற இடங்களில் இது கட்டாயம். கட்டாயமில்லாத ஆற்றிலும் செய்யுங்கள். குறுகிய பள்ளத்தாக்கில் எல்லாக் குழுவும் அதே நாலைந்து மணல்திட்டில்தான் தங்க முடியும்.

8. படகு கவிழும் என்று நினைத்துக் கட்டுங்கள்

ஒவ்வொரு பொருளும் சட்டத்தோடோ படகின் வளையத்தோடோ இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். படகைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினால் எது விழும் என்று மனதில் பாருங்கள். பாரமானவை அடியிலும் நடுவிலும் இருக்கட்டும். மேலே குவித்தால் படகு எளிதில் புரளும்.

கட்டியபின் தொங்கும் கயிற்று நுனிகளைச் சுருட்டிச் செருகுங்கள். விழுந்தவரின் கால் மாட்டுவது பெரும்பாலும் இந்த அலட்சியமான வளையத்தில்தான். ஆளை எந்தக் காரணத்துக்காகவும் படகோடு கட்டக் கூடாது.

முதலுதவிப் பை, மீட்புக் கருவி, மழைக்கோட்டு, மதிய உணவு ஆகிய நான்கும் வேறு எதையும் அவிழ்க்காமல் எடுக்கும்படி இருக்க வேண்டும். தூங்கும் பையும் மாற்றுடையும் இரண்டடுக்கு ட்ரை பேக்கில் (நீர் புகாத பையில்). ஓர் அடுக்கு போதும் என்பவர்கள் இரண்டாம் நாள் இரவு தெளிந்துவிடுவார்கள்.

9. இறங்குமுன் பேச்சும் ஒத்திகையும்

சைகைகளை எல்லோரும் செய்து காட்ட வேண்டும். துடுப்பை நேராக மேலே தூக்கினால் வரலாம். குறுக்காகப் பிடித்தால் நில். ஒரு விசில், என்னைப் பார். மூன்று விசில், ஆபத்து. கை காட்டுவது எப்போதும் போக வேண்டிய பக்கத்தை நோக்கி மட்டும். அங்கே பாறை இருக்கிறது என்று பாறையைக் காட்டுகிறவர், பின்னால் வருபவரை அந்தப் பாறைக்கே அனுப்பி வைக்கிறார்.

அப்புறம் அமைதியான நீரில் எல்லோரும் ஒருமுறை குதித்து நீந்தட்டும், த்ரோ பேக் எறியட்டும், படகில் ஏறட்டும். குளிருகிறதே என்று முனகுவார்கள். முனகட்டும். உடையில் ஓட்டை இருந்தால் அது ரேபிட்டுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும்.

10. ரேபிட்டை இறங்கிப் பாருங்கள்

முன்னால் ஆறு ஒரு கோடாக முடிந்து, அதற்கு அப்பால் நீரே தெரியாமல், தெறிப்பு மட்டும் தெரிந்தால் அங்கே ஆறு விழுகிறது. கரைக்கு ஒதுங்குங்கள். ஒதுங்கும் இடம் ரேபிட்டுக்குத் தள்ளி இருக்க வேண்டும். முதல் படகு நிற்கும் இடத்தில் மற்றப் படகுகளும் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். உள்ளே போனால் அடுத்து எங்கே நிற்பேன் என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டால் போகாதீர்கள். இந்த ஒரு விதி பல பயணங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

கரையில் நடந்து நேராக ரேபிட்டின் அடிவரை போங்கள். புதியவர்கள் மேலே நின்றபடியே நுழையும் வழியைப் பார்த்து முடிவெடுப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது முடிவு: வெளியே வரும்போது படகு எங்கே இருக்க வேண்டும், விழுந்தவர் எங்கே போய்ச் சேருவார், அங்கே என்ன காத்திருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கி வழியைக் கட்டிக்கொண்டு மேலே வாருங்கள்.

நீர் சொல்லும் அடையாளங்கள் சில. கீழ்நோக்கி முனை காட்டும் வழவழப்பான முக்கோணம் திறந்த வழி. மேல்நோக்கி முனை காட்டும் முக்கோணத்தின் முனையில் பாறை இருக்கும். பாறையின் முன்னால் நீர் தலையணை போல் குவிந்தால் அது படகைக் கொஞ்சம் தள்ளிவிடும். குவியாமல் நீர் அப்படியே பாறைக்குள் போவது போலிருந்தால் பாறையின் அடி குடைந்திருக்கலாம். அந்தப் பக்கமே வேண்டாம். விழுந்து கிடக்கும் மரத்தில் நீர் உள்ளே போகும், ஆள் போக முடியாது. ஆற்றில் நான் பெரிதும் அஞ்சுவது மரத்துக்குத்தான், அலைக்கு அல்ல.

பாறையைத் தாண்டி விழும் நீர் மேல்நோக்கித் திரும்பிச் சுருளும் இடத்தை ஹோல் என்பார்கள். அதன் இரு ஓரங்களும் கீழ்நோக்கி வளைந்திருந்தால் மாட்டியவரைப் பக்கவாட்டில் துப்பிவிடும். ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருந்தால் திரும்பத் திரும்ப நடுவுக்கே இழுக்கும். கரையின் உயரத்திலிருந்து எல்லாமே சின்னதாகத் தெரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வழி முடிவானதும், திரும்பி மேலே நடக்கும்போது அடிக்கடி குனிந்து, படகில் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து பாருங்கள். கரையிலிருந்து பளிச்சென்று தெரிந்த பாறை படகிலிருந்து தெரியவே தெரியாது. அங்கிருந்தும் தெரியும் அடையாளங்கள் இரண்டு மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று கேள்விகள். இந்தத் திருப்பத்தை என்னால் உறுதியாகச் செய்ய முடியுமா? தவறினால் எங்கே போவேன்? கீழே பிடிக்க ஆள் இருக்கிறதா? இரண்டாவதற்கு மரம், குடைந்த பாறை, அடுத்த ரேபிட் என்று பதில் வந்தால் முதலாவதற்கு வந்த பதில் செல்லாது. பொருளை இறக்கிக் கரையில் சுமந்து போங்கள், அல்லது காலிப் படகைக் கயிற்றில் இறக்குங்கள். அரை நாள் போகும். காலி நாள் விட்டது இதற்குத்தான்.

11. ஓட்டும் வரிசை

திறமையான படகு முதலில் போய்க் கீழே எடியில் நிற்கட்டும். எடி என்பது பாறைக்கோ வளைவுக்கோ பின்னால் நீர் திரும்பி மேல்நோக்கி ஓடும் அமைதியான இடம். சுமைப் படகு நடுவில். கடைசிப் படகில் முதலுதவியும் ஒரு செட் இழுவைக் கருவியும். முன்னால் போகிறவர் பின்னால் வருபவரைப் பார்க்க முடியாத தூரத்துக்குப் போகக் கூடாது.

நீளத் துடுப்புப் படகில், ஆபத்தை நோக்கி முகத்தை வைத்து, அதிலிருந்து பின்னோக்கி இழுங்கள். நீரோட்டத்துக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வைத்து இழுத்தால் படகு பக்கவாட்டில் நகரும். முன்கூட்டியே தொடங்குங்கள், சுமையேற்றிய படகு நீங்கள் நினைத்த நேரத்தில் நகராது. பெரிய அலையை மட்டும் நேராக, வேகத்தோடு சந்தியுங்கள். பயத்தில் துடுப்பை நிறுத்தினால் படகு குறுக்காகத் திரும்பிக் கவிழும்.

12. விழுந்தால், கவிழ்ந்தால், மாட்டினால்

விழுந்தவர் முதலில் மல்லாந்து, கால்களைக் கீழ்நீரை நோக்கி நீட்டி, பாதத்தை மேலே வைக்க வேண்டும். எழுந்து நிற்க முயலக் கூடாது. முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் பாதம் பாறை இடுக்கில் சிக்கினால் நீர் உடலை முன்னால் மடித்து மூழ்கடித்துவிடும். வழி திறந்ததும் குப்புறத் திரும்பி முழுபலத்தோடு எடிக்கோ கரைக்கோ நீந்துங்கள். மல்லாந்தே மிதந்துகொண்டிருப்பது ஓய்வு போலத் தோன்றும். அந்த 10 நிமிடம் அதில் கரைந்துவிடும்.

மரத்தைத் தவிர்க்கவே முடியாவிட்டால் கால் நீட்டும் விதி மாறும். தலை முன்னால் வைத்து வேகமாக நீந்தி, மரத்தின் மேல் பாய்ந்து ஏற வேண்டும். கால் முன்னால் போனால் உடல் அடியில் இழுக்கப்படும்.

கயிறு எறிகிறவர் முதலில் கூப்பிட்டு, கண் பார்த்தபின் எறியட்டும். பிடிப்பவர் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடித்து, கரைக்கு எதிர்ப்பக்கத் தோளின் மேல் போட்டு மல்லாந்து கிடந்தால் நீரே அவரைக் கரைக்குத் தள்ளும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, எறிபவரும்தான்.

படகு பாறையில் குறுக்காக மோதினால் எல்லோரும் உடனே பாறைப் பக்கம் பாய வேண்டும். மனம் பாறையிலிருந்து விலகவே சொல்லும். அப்படி விலகினால் மேல்நீர்ப் பக்கம் தாழ்ந்து, நீர் உள்ளே ஏறி, படகு பாறையோடு ஒட்டிக்கொள்ளும். இதைக் கரையில் நாலு தடவை ஒத்திகை பார்க்காதவர் ஆற்றில் சரியாகச் செய்வதில்லை.

கவிழ்ந்துவிட்டால் படகின் மேல்நீர்ப் பக்கத்துக் கயிற்றைப் பிடியுங்கள். கீழ்ப்பக்கம் போனால் படகுக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்குவீர்கள். முதலில் ஆட்களை எண்ணுங்கள், படகு அப்புறம். சுமையோடு கவிழ்ந்த படகை நடு ஆற்றில் நிமிர்த்த முயன்று களைக்காமல், எடிக்குத் தள்ளிக் கொண்டுபோய் நிமிர்த்துங்கள்.

படகு பாறையில் ஒட்டிக்கொண்டால் அவசரம் வேண்டாம். எல்லோரும் கரைக்கு வந்தபின், மேலே ஒருவர் வேறு படகு வருகிறதா என்று பார்க்க, கீழே ஒருவர் த்ரோ பேக்கோடு நிற்க, அதன்பின்தான் கயிறு. நீரின் அழுத்தம் எந்த முனையில் குறைவோ அந்த முனையை இழுங்கள். முழுப்படகையும் ஆற்றுக்கு எதிராக இழுக்க உங்களிடம் பலம் இல்லை. வெறும் கையால் நகராவிட்டால் கப்பிகளால் 3-க்கு 1 இழுவை அமையுங்கள். உராய்வில் கொஞ்சம் பலம் போகும் என்பதால் உண்மையில் மூன்று மடங்கு கிடைக்காது. இறுகிய கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் அது யாரையும் பார்க்காது.

நீரிலிருந்து எடுக்கப்பட்டவர் நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். ஈர உடையை மாற்றி, இனிப்பாக ஏதாவது கொடுத்து, கால் மணி நேரம் பேசவிட்டுப் பாருங்கள். நாக்கு குழறினால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.

13. முகாம்

மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே நிறுத்துங்கள். கரையில் காய்ந்த குப்பையும் மரத்துண்டும் படிந்திருக்கும் கோட்டுக்கு மேலே கூடாரம் போடுங்கள். வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. காய்ந்த ஓடையின் வாயில் படுக்க வேண்டாம். மேலே பெய்யும் மழை இங்கே தெரியாது.

நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டு, படுக்கப் போகுமுன் பாருங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு வேகம் என்பது காலைத் திட்டத்துக்கு வேண்டிய தகவல். படகுகளை மேலே இழுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இரண்டு இடத்தில் கட்டுங்கள். இரவில் நீர் ஏறிப் படகு போய்விட்டால் நீங்கள் மலையேறும் குழு ஆகிவிடுவீர்கள்.

கையையும் காலையும் தினமும் காயவைத்துக் களிம்பு தடவுங்கள். சின்ன விஷயம்போல் தோன்றும். நாலாம் நாள் விரல்களில் வெடிப்பு வந்தவருக்குத் துடுப்பைப் பிடிக்கவே முடியாது.

14. கரையேறுவது

கரையேறும் இடத்தைக் கடைசி நாள் தேடக் கூடாது. வாகனத்தை நிறுத்தப் போகும்போதே ஆற்றிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று படம் எடுத்து, ஜிபிஎஸ் குறியையும் எழுதி வையுங்கள். அதற்குக் கீழே கடக்க முடியாத ரேபிட் இருந்தால், ஆற்றிலிருந்து நன்றாகத் தெரியும்படி ஒரு துணியைக் கட்டுங்கள். கடைசி வளைவில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டைத் தளர்த்துவார்கள்; கட்டச் சொல்லுங்கள்.

இறங்கியவுடன் வீட்டில் காத்திருப்பவருக்கு முதல் செய்தி. மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்த குழுவுக்காக மீட்புப் படை கிளம்புவது உண்டு. அப்புறம் படகை அந்த இடத்திலேயே விரித்து, மணலைக் கழுவி, முழுதாகக் காயவைத்துச் சுருட்டுங்கள். கயிறுகளைக் கையால் தடவிப் பார்த்து, நார் பிய்ந்த இடம் இருந்தால் இப்போதே வெட்டி ஒதுக்குங்கள். பைக்குள் போன கயிறு அடுத்த பயணத்தன்றுதான் வெளியே வரும்.